பெயர் மாற்றமும் வர்க்க நிலையும்

ஜும்பா லஹிரியின் 'த நேம்சேக்' (2003) நாவலை வெறும் உளப்போராட்டமாக நோக்குவோருடன் நாம் உடன்படுவதற்கில்லை. வங்காளப் பெற்றோருக்கு மசாசூசெற்சிற் பிறந்த கோகொல், யேல் பல்கலைக்கழகம் செல்லுமுன் நிகில் எனப் பெயர் மாற்றிக்கொள்கிறான். சட்டம் அதனை எளிதில் ஏற்கிறது; வீட்டிலோ அவன் கோகொல்தான். தந்தை உயிர்தப்பிய ரயில் விபத்தோடு அப்பெயர் பிணைந்துள்ளமையை அவன் பின்னரே அறிகிறான். இப்பகுதியில் ஆசிரியையின் கலைத்திறன் மெச்சத்தக்கது. வங்காளமும் ஆங்கிலமும் அளிக்காத விடுதலையை மௌசுமி பிரெஞ்சு மொழியில் தேடுவது இதனினும் கூர்மையான சித்திரம் என்பது எமது கருத்து.

ஆயின், இத்தகைய தெரிவுகள் யாருக்கு வாய்க்கின்றன? 1965ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிவரவுச் சட்டம் கல்வித்தகைமை உடையோருக்கு வழிதிறந்தது. கோகொலின் தந்தை பொறியியற் பேராசிரியர். அவ்வாய்ப்பற்று வந்த உழைப்பாளரின் பிள்ளைகளை இந்நாவலிற் காண்பது அரிது.