கல்லை அளந்தது போதும்

எகிப்தைப் பற்றி நம் பத்திரிகைகளில் வரும் கட்டுரைகளுக்கு ஒரு தடம் விழுந்துவிட்டது. குஃபுவின் பிரமிடில் ஏறி, துட்டன்காமுனின் தங்க முகமூடியில் இறங்கி, போகிற போக்கில் இரண்டாம் ராம்சேஸ் சடலத்தின் மூக்கில் கிடைத்த மிளகைக் காட்டி நம் கடல் வணிகப் பெருமையோடு முடித்துக்கொள்வார்கள். மிளகு கிடைத்தது உண்மைதான். அதில் எனக்குச் சண்டையில்லை. இந்தத் தடத்தில் போய்ப் போய் இப்போது மேடைதோறும் ஒலிக்கிற ஒரு தீர்ப்போடுதான் சண்டை. எகிப்து மூவாயிரம் ஆண்டுகள் அசையாமல் நின்ற கல்லறைப் பண்பாடாம். அதன் அரசர்கள் தங்களைக் கடவுள்களாகச் செதுக்கிக்கொண்டவர்களாம். மெசபடோமியாவுக்குக் கில்காமேஷ் உண்டு, எகிப்துக்கு இலக்கியம் என்று சொல்ல ஒன்றுமில்லையாம்.

இதைச் சொல்கிறவர்கள் 12ஆம் வம்சத்தை ஒரே தாண்டாகத் தாண்டியிருக்கிறார்கள். ஏறத்தாழ கி.மு. 1990 முதல் 1800 வரை, எட்டு பேர் ஆண்ட காலம் அது. பெரும்பாலான சுருக்க வரலாறுகளில் பிரமிடுகளுக்கும் தங்கத்துக்கும் நடுவில் அரைப்பக்கத்தில் முடிந்துவிடுகிறது.

வம்சக் கணக்கே நமக்கு ஓர் எகிப்தியப் பூசாரியிடமிருந்து வந்தது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில், தாலமிகளின் ஆட்சியில் இருந்த மனெத்தோ தம் நாட்டு அரசர்களை முப்பது வம்சங்களாகப் பிரித்துக் கிரேக்கத்தில் எழுதினார். அந்த நூல் போய்விட்டது. பிறர் எடுத்தெழுதிய துண்டுகள்தான் மிச்சம். அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அபிடோஸ் கோயில் சுவரில் முதலாம் சேத்தி தம் முன்னோர் 76 பேருக்குப் பட்டியல் போட்டிருந்தார். அதில் ஹத்ஷெப்சுத் இல்லை, அகெனாத்தன் இல்லை, துட்டன்காமுனும் இல்லை. பிடிக்காதவர்களை விட்டுவிட்டுப் போடும் பட்டியலைத்தான் ‘மாறாத மூவாயிரம் ஆண்டு’ என்று நாம் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

தொடக்க காலத்தை வேகமாகக் கடந்துவிடலாம், வாசகர்கள் அறியாததல்ல. நார்மர் இரு நாடுகளை ஒன்றாக்கினார் என்பது மரபு. 3ஆம் வம்சத்து ஜோசருக்கு இம்ஹோத்தெப் சக்காராவில் படிப் பிரமிடு கட்டினார். அடுத்த வம்சத்து ஸ்னெஃப்ரு மெய்தூமிலும் தாஷூரிலுமாக மூன்று பிரமிடுகளில் கை பழக, மகன் குஃபு கீசாவில் 146 மீட்டருக்கு எழுப்பினார். 2013இல் செங்கடல் கரையில் வாதி அல்-ஜார்ஃபில் கிடைத்த மெரெர் என்ற மேற்பார்வையாளரின் நாட்குறிப்பு, தூராவிலிருந்து சுண்ணாம்புக்கல் படகில் போன கதையை நாள்வாரியாகச் சொல்கிறது. வேற்றுக்கிரகவாசிகளுக்கு அதில் வேலையில்லை. ஆனால் குஃபு எப்படிப்பட்ட ஆள்? ஐயத்துக்கிடமின்றி அவருடையது என்று சொல்லத்தக்க முழு உருவம் ஒன்றே ஒன்று, அபிடோஸில் தொல்லியலாளர் பெட்ரி கண்டெடுத்த தந்தச் சிலை. உயரம் ஏழரை சென்டிமீட்டர். அதைத் தவிர கல், கல், கல்தான்.

6ஆம் வம்சத்துக் கடைசியில் இரண்டாம் பெப்பி மிக நீண்ட காலம் ஆண்டு (மனெத்தோ கணக்கில் 94 ஆண்டு, நம்புகிறவர் நம்பலாம்) ஓய்ந்தபோது நாடு துண்டுபட்டது. மாவட்டத் தலைவர்கள் தாங்களே சோறு போட்டதாகத் தங்கள் கல்லறைகளில் எழுதிக்கொண்டார்கள். மோஅல்லாவில் அங்க்தீஃபி பேசுகிற பேச்சில் ஃபாரோ என்று ஒருவர் இருப்பதே அரிதாகத்தான் தெரிகிறது. தீபஸிலிருந்து வந்த மெந்துஹோத்தெப் நாட்டை மீண்டும் ஒட்டவைத்தார். அந்த ஒட்டு காய்வதற்குள் ஆட்சிக்கு வந்தவர் 12ஆம் வம்சத்தைத் தொடங்கிய முதலாம் அமெனம்ஹாத். அரச குடும்பத்தில் பிறந்தவர் அல்லர். முந்தைய அரசரிடம் அதே பெயரில் அமைச்சராக இருந்து வாதி ஹம்மாமாத்துக்குக் கல் வெட்டப் படை நடத்தியவர் இவரே என்பது பெரும்பாலோர் கருத்து.

பிறப்பால் உரிமையில்லாதவருக்குச் சொல் வேண்டியிருந்தது. நெஃபெர்த்தியின் தீர்க்கதரிசனம் என்ற நூல் அதற்காகவே பிறந்தது. பழைய ஸ்னெஃப்ருவின் அவையில் ஒரு ஞானி, நாடு தலைகீழாகும், பிறகு தெற்கிலிருந்து அமெனி என்றொருவன் வந்து சரிசெய்வான் என்று ‘முன்னறிவிக்கிறார்’. நடந்து முடிந்ததை நடக்கப்போவதாகச் சொல்லும் இந்தத் தந்திரம் எந்த நாட்டு அரசவைக்கும் புதிதல்ல. இதைக் காட்டித்தான் 1956இல் பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் போஸ்னேர் 12ஆம் வம்ச இலக்கியத்தை அரசியலோடு சேர்த்து வாசித்தார். அரிய நூல். ஆனால் அவருக்குப் பின் வந்தவர்கள் அதைச் சோம்பேறித்தனமான சூத்திரமாக்கிவிட்டார்கள்: அரசவையில் பிறந்ததா, பிரச்சாரம், தள்ளு. நம் புறப்பாடல்களையும் மெய்க்கீர்த்திகளையும் ஒரே மூட்டையாகக் கட்டுகிறவர்களிடம் நாம் கேட்டுப் பழகிய அதே குரல்.

அந்தச் சூத்திரம் அடுத்த நூலிலேயே உடைகிறது. அமெனம்ஹாத் தன் மகன் செனுஸ்ரெத்துக்குச் சொல்வதாக அமைந்த அறிவுரை, கொலைசெய்யப்பட்ட அரசனின் வாய்மொழி. இரவு உணவு முடிந்து, களைத்துப்போய்க் கட்டிலில் சாய்ந்திருக்கிறான். கண் அயர்கிற நேரம் ஆயுத ஓசை. தாக்குகிறவர்கள் காவலுக்கு நின்ற சொந்த ஆட்களே. கையில் ஆயுதம் எட்டியிருந்தால் விரட்டியிருப்பேன், ஆனால் இரவில் எவனும் வீரனல்ல, தனியாக நின்று எவனும் போரிட முடியாது என்கிறான். உடன்பிறந்தானையும் நம்பாதே, நண்பன் என்று ஒருவனை அறியாதே என்பது மகனுக்கு அவன் விட்டுப்போகும் சொத்து. யாருக்கு உண்ணக் கொடுத்தானோ அவனே எதிர்த்தான் என்ற கசப்பு வரிக்கு வரி ஊறியிருக்கிறது. மகனின் ஆட்சியை நியாயப்படுத்த எழுதியதாகவே இருக்கட்டும். பிரச்சாரம் செய்ய உட்கார்ந்த எவன் கடவுளின் வாரிசைத் தூக்கக் கலக்கத்தில், கட்டிலில், திகைத்துப்போனவனாகக் காட்டுவான்?

எழுநூறு ஆண்டுகள் கழித்துக் காதேஷ் போரை (கி.மு. 1274) இரண்டாம் ராம்சேஸ் கோயில் சுவர்களில் எழுதிவைத்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படை ஓடிவிட்டது, அரசர் ஒற்றை ஆளாய், ஆமொன் துணையிருக்க, ஆயிரக்கணக்கான ஹிட்டைட் தேர்களை நொறுக்கிவிட்டார். உண்மையில் போர் எவருக்கும் வெற்றியில்லாமல் முடிந்து, பின்னால் உடன்படிக்கையில் போய் நின்றது. சினிமாச் சுவரொட்டிக்குச் சொன்ன வரிகளைக் கர்னாக்கிலும் லக்சரிலும் அபு சிம்பலிலும் வெட்டிவைத்த அந்த மனிதரைத்தான் நாம் ‘மாமன்னர்’ என்கிறோம்.

அமெனம்ஹாத் இறந்த செய்தி வந்த கணத்திலிருந்துதான் சினூஹேயின் கதையும் தொடங்குகிறது. லிபியப் படையெடுப்பிலிருந்து இளவரசன் திரும்பிக்கொண்டிருக்கும்போது, அரண்மனை ஊழியன் சினூஹே அந்தச் செய்தியைத் தற்செயலாக ஒட்டுக்கேட்டுவிடுகிறான். கை கால் உதறுகிறது. இரு புதர்களுக்கிடையே பதுங்குகிறான். பிறகு ஓட்டம். துடுப்பில்லாத படகில் நைலைக் கடக்கிறான், எல்லைக்கோட்டை ஒன்றைக் காவலன் கண்ணில் படாமல் தாண்டுகிறான், பாலைவனத்தில் நாக்கு வறண்டு சாவின் ருசி இதுதான் என்று உணர்கிறான். சிரியப் பக்கம் ஒரு குலத்தலைவன் தன் மூத்த மகளைக் கொடுத்து நிலமும் கொடுக்கிறான். பிள்ளைகள் வளர்ந்து தலைவர்களாகிறார்கள். முதுமையில் அவனுக்கு ஒரே ஏக்கம்: ஊரில் சாகவேண்டும். அரசரிடமிருந்து மன்னிப்புக் கடிதம் வருகிறது. திரும்பி வந்து நிற்பவனை அரசி அடையாளம் காணாமல் கூவிவிடுகிறாள்.

ஏன் ஓடினாய் என்று அவனைக் கேட்காதவர் இல்லை. அவனுக்கும் தெரியவில்லை, ஏதோ கடவுள் செய்த வேலை, கனவு மாதிரி இருந்தது என்கிறான். கொலைச் சதியில் அவனுக்குப் பங்கு உண்டா என்பதைக் கதை கடைசிவரை சொல்லவில்லை. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு எழுத்தாளன் தன் நாயகனின் மனசைத் திறக்காமலே வைத்திருக்கக் கற்றிருந்தான். இலக்கியம் இல்லாத நாடாம்!

நாவன்மையுள்ள குடியானவன் கதையில் அரசன் மேல் விழும் பார்வை இன்னும் கூர்மை. வாதி நத்ரூன் பக்கத்திலிருந்து கழுதைகளோடு வரும் குன்-அனூப்பின் வழியில், ஒரு சில்லறை அதிகாரி துணியை விரித்து மறிக்கிறான். ஓரமாக ஒதுங்கும்போது கழுதை ஒரு வாய் பார்லி தின்றுவிட, அதையே சாக்காக்கிக் கழுதைகளைப் பறித்துக்கொள்கிறான். குடியானவன் மேலதிகாரியிடம் முறையிடுகிறான். பேச்சு அவ்வளவு அழகாக இருக்கிறது என்று அறிந்த அரசன், பதில் சொல்லாதே, பேசவிடு, எல்லாவற்றையும் எழுதிக்கொள், அவன் குடும்பத்துக்கு மட்டும் ரகசியமாகத் தானியம் அனுப்பு என்று உத்தரவிடுகிறான். ஒன்பது முறை வந்து கெஞ்சுகிறான், ஏசுகிறான், நடுவில் அடியும் வாங்குகிறான். கடைசியில் நீதி கிடைக்கிறது. ஆனால் ரசனைக்காக நீதியைத் தள்ளிப்போட்ட அரசனை இந்த ஆசிரியர் மன்னித்தாரா என்று எனக்குச் சந்தேகமுண்டு.

குஃபுவும் இந்த எழுத்தாளர்களிடம் தப்பவில்லை. இன்று வெஸ்ட்கார் பாப்பிரஸ் எனப்படும் சுருளில் உள்ள கதைகளை 12ஆம் வம்சத்திலோ அதற்குச் சற்றுப் பின்னரோ இயற்றியிருக்க வேண்டும். வெட்டிய தலையை ஒட்டவைக்கும் கிழவன் தெதி அவைக்கு வருகிறான். சிறையிலிருந்து ஒருவனைக் கொண்டுவாருங்கள், வெட்டிப் பார்க்கலாம் என்கிறார் குஃபு. மனிதனுக்கு இதைச் செய்யக்கூடாது என்று தெதி மறுத்துவிடுகிறான். வாத்தைக் கொண்டுவந்து வெட்டுகிறார்கள். இதே சுருளில் தந்தை ஸ்னெஃப்ரு தன் ஊழியனைச் சகோதரனே என்று அழைக்கும் இனிய மனிதர். கீசாவில் 146 மீட்டர் எழுப்பியவரைப் பற்றிச் சொந்த மண்ணின் பிள்ளைகள் வழங்கிய தீர்ப்பு இது.

இந்தப் பார்வை கல்லிலும் இறங்கியது என்பதுதான் எனக்கு வியப்பு. மூன்றாம் செனுஸ்ரெத்தின் சிலைகளைப் பாருங்கள். பிரிட்டிஷ் மியூசியத்தில் தேர் எல்-பஹ்ரியிலிருந்து போன மூன்று நிற்கின்றன. உடல் வழக்கம்போல இளைஞனுடையது. முகம் வேறு: கனத்துத் தொங்கும் இமை, கன்னத்தில் இறங்கும் கோடு, கீழ்நோக்கி மடங்கிய வாய், விடைத்த பெரிய காதுகள். அது உண்மைச் சாயலா, எல்லாம் கேட்கிற அரசன் என்ற குறியீடா என்று கலை வரலாற்றாளர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். எப்படியானாலும், தூங்காத அரசனின் முகத்தை வேண்டுமென்றே செதுக்கச் சொன்ன முதல் ஃபாரோ இவர்தான்.

இவரைப் புனிதராக்க நான் வரவில்லை. நூபியாவில் இரண்டாம் அருவிப் பகுதியில் செம்னா, உரோனார்த்தி போன்ற செங்கல் கோட்டைகளின் வரிசையை நிறுத்தி எல்லை போட்டவர். தம் 16ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டில், பெண்களைச் சிறைபிடித்தேன், பயிரை அழித்தேன், எல்லையைக் காப்பவனே என் மகன் என்கிறார். அடுத்த ஆட்சியில் அங்கிருந்து போன அலுவலகக் கடிதங்களின் படிகள் கிடைத்திருக்கின்றன. பாலைவனத்திலிருந்து சில பேர் பசியோடு வந்தார்கள், விசாரித்தோம், திருப்பி அனுப்பினோம் என்கிற ரீதியில், எந்தக் காலத்து எல்லைச் சாவடிக் கோப்பிலும் இருக்கக்கூடிய வாசகங்கள். அந்தக் கோட்டைகளில் பெரும்பாலானவை 1960களில் அஸ்வான் உயர் அணையின் நீருக்குள் போய்விட்டன.

இந்த வம்சம் ஏன் மறக்கப்பட்டது என்பதற்கு விடை சிரிப்பை வரவழைக்கும்: பிரமிடுகளில் பலவற்றை மண்செங்கல்லில் கட்டினார்கள். வெளிப்பூச்சுக் கல்லைப் பிறகு வந்தவர்கள் பெயர்த்துக்கொண்டு போக, லாஹூனிலும் ஹவாராவிலும் இப்போது நிற்பது கரைந்த மேடு. ஃபாயும் பள்ளத்தில் நீரை நெறிப்படுத்தி வயலாக்கிய மூன்றாம் அமெனம்ஹாத்தின் ஹவாராக் கோயிலை ஹெரோடோட்டஸ் பிரமிடுகளையும் மிஞ்சியது என்றார்; இன்று அங்கே பார்க்க ஏதுமில்லை. முதலாம் செனுஸ்ரெத் கர்னாக்கில் கட்டிய வெள்ளை மண்டபத்தை மூன்றாம் அமென்ஹோத்தெப் பிரித்துத் தம் கோபுரத்துக்குள் நிரப்பிவிட்டார். 1927 தொடங்கி எகிப்தியலாளர் ஆன்றி ஷெவ்ரியே கல்கல்லாக வெளியே எடுத்து மறுபடி கட்டியிராவிட்டால் எகிப்தின் மிக நேர்த்தியான புடைப்புச் சிற்பங்களை நாம் பார்த்தே இருக்க மாட்டோம். வம்சத்தின் கடைசி ஆட்சியாளர் சொபெக்நெஃபெரு என்ற பெண். அபிடோஸ் பட்டியலில் அவரும் இல்லை.

ஹிக்சோஸ், அவர்களைத் துரத்திய அஹ்மோஸ், ஹத்ஷெப்சுத்தின் புந்த் கடற்பயணம், மூன்றாம் துத்மோஸின் மெகித்தோ, அமார்னா என்று பின்வந்ததெல்லாம் ஆவணப்படங்களில் கிடைக்கும். அதில் நான் மதிப்பது ஒன்றை மட்டும்: 25ஆம் வம்சத்தைத் தொடங்கிவைத்த கூஷ் நாட்டுப் பியே, பிடித்த நகரில் குதிரைகளைப் பட்டினி போட்டிருந்ததைக் கண்டு சினந்ததை வெற்றிக் கல்வெட்டிலேயே எழுதியது. மற்றபடி பாரசீகர், அலெக்சாண்டர், கி.மு. 30இல் கிளியோபாட்ராவோடு முற்றுப்புள்ளி.

எகிப்தியர்களே எதைக் காப்பாற்றினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ராம்சேஸ்களின் காலத்தில் தேர் எல்-மெதினாவில் பிள்ளைகள் ஓட்டிலும் கல் சில்லிலும் பிழையோடு எழுதிப் பழகியது சினூஹேயையும் அமெனம்ஹாத்தின் அறிவுரையையும்தான். அதே காலத்துச் செஸ்டர் பீட்டி நான்காம் பாப்பிரஸ், நெஃபெர்த்தி, கேத்தி போன்ற பழைய எழுத்தாளர்களுக்குக் கல்லறை போனாலும் நூல்களே பிரமிடாயின என்று வாதிடுகிறது.

ஆகவே தமிழில் எகிப்து பற்றி இன்னொரு அறிமுக நூல் வேண்டாம், ஒரு தொகைநூல் வேண்டும். சினூஹே, அறிவுரை, குடியானவன், தன் உயிரோடு வாதாடும் மனிதனின் உரையாடல் எல்லாம் அதில் இடம்பெற வேண்டும். கூடவே புரூக்ளின் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு பாப்பிரஸையும் சேர்க்க வேண்டும். மூன்றாம் அமெனம்ஹாத்தின் ஆட்சியில் அரசாங்கக் கட்டாய வேலையிலிருந்து தப்பி ஓடியவர்களின் பதிவேடு அது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பெண்ணா ஆணா என்ற குறிப்பு, முடிவில் விவகாரம் தீர்ந்தது என்ற அலுவலகக் குறி. ஓடியவர் அகப்படும்வரை வீட்டாரைச் சிறையில் வைத்திருந்தது தெரிகிறது. சினூஹேயும் அவர்களும் ஓடியது ஒரே அரசிடமிருந்து. அவனுக்கு அரசரின் கடிதம் வந்தது, இவர்களுக்கு எழுத்தரின் குறி விழுந்தது. இரண்டையும் எதிரெதிர்ப் பக்கங்களில் அச்சிடப் பதிப்பாளர் ஒருவர் துணிய வேண்டும்.