திரும்பி வந்த குருவிகளின் சாட்சியம்

அலாஸ்காவில் கூடு கட்டும் வீட்டியர் என்ற சிறு பறவையின் எடை ஏறத்தாழ 25 கிராம். குளிர்காலத்தில் அது எங்கே போகிறது என்பதை 2012-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆசியக் கண்டத்தைக் குறுக்காகக் கடந்து, கிழக்கு ஆப்பிரிக்கா வரை போகிறது; ஒரு வழிக்கு மட்டும் சுமார் 14,500 கிலோமீட்டர். இந்த ஆய்வுக்காக அலாஸ்காவில் 30 பறவைகளின் முதுகில் கருவி கட்டி அனுப்பினார்கள். மறு ஆண்டு கருவியோடு கைக்குக் கிடைத்தவை மூன்று. சிறு பறவைகளின் வலசையைப் பின்தொடரும் இந்தத் துறையின் பெருமையும் குறையும் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் கிடக்கின்றன.

கருவிகளுக்கு முன்பு இருந்தது வளையம். டென்மார்க்கின் வீபோர் ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்த மார்ட்டென்சன், 1899-ல் முகவரி பொறித்த அலுமினிய வளையங்களை மைனா இனப் பறவைகளின் காலில் மாட்டினார். இந்தியாவில் இந்த வேலை பெரிய அளவில் தொடங்கியது 1959-ல். பறவைகள் உண்ணிகளையும் நோய்க் கிருமிகளையும் சுமந்து வருகின்றனவா என்ற கேள்வியோடு, உலகச் சுகாதார நிறுவனத்தின் உதவியில், சாலிம் அலி தலைமையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அதைத் தொடங்கியது. பீகாரிலிருந்து வந்த பறவை பிடிப்பவரான அலி உசேன் போன்றவர்களின் கைத்திறன் இல்லாமல் அந்த வேலை நடந்திருக்காது. பறவைக்கு நோகாமல் பிடிக்கத் தெரிந்த அந்தக் கைகளுக்கு நம் அறிவியல் வரலாறு இன்னும் உரிய இடம் தரவில்லை. கோடியக்கரையின் உப்பளச் சேற்றில் மேயும் கொசு உள்ளான்களின் கால்களிலும் வளையங்கள் ஏறின.

வளையம் எளியது, எடையற்றது என்றே சொல்லலாம். ஆனால் அது பயணத்தின் இரண்டு முனைகளை மட்டுமே சொல்லும். நடுவழி அதற்குத் தெரியாது. அந்த இரண்டாவது முனையும் யாராவது பறவையைப் பிடித்தாலோ, செத்துக் கிடப்பதைப் பார்த்து எழுதிப் போட்டாலோதான் கிடைக்கும். சிறு குருவிகளில் நூற்றுக்கு ஒன்றுகூட அப்படித் திரும்பக் கிடைப்பதில்லை.

இந்த இருட்டில் விளக்கேற்றியது ஜியோலொகேட்டர். ஒளியை அளக்கும் உணரி, ஒரு கடிகாரம், ஒரு பொட்டு மின்கலம், அவ்வளவுதான். பகலின் நீளம் அட்சரேகையைத் தரும், உச்சிப்பொழுதின் நேரம் தீர்க்கரேகையைத் தரும். கடலோடிகளின் பழைய கணக்கையே ஒரு கிராமுக்கும் குறைவான எடையில் அடக்கிவிட்டார்கள். கனடாவின் பிரிஜெட் ஸ்டச்பரியும் குழுவினரும் 2009-ல் வெளியிட்ட முடிவுகளில், பர்ப்பிள் மார்ட்டின் என்னும் பறவை ஒன்று அமேசான் படுகையிலிருந்து பென்சில்வேனியாவுக்கு 7,500 கிலோமீட்டரை 13 நாளில் கடந்திருந்தது. ஒரு நாளைக்கு 150 கிலோமீட்டர் அளவில்தான் இவை பறக்கும் என்று அதுவரை நம்பியிருந்தார்கள். 2015-ல் இன்னொரு வியப்பு: 12 கிராம் எடையுள்ள பிளாக்போல் என்னும் கதிர்க்குருவி, அட்லாண்டிக்கின் மேல் இரண்டு மூன்று நாள் எங்கும் இறங்காமல் பறப்பது உறுதியானது. இதை வேறு எந்த வழியிலும் நாம் அறிந்திருக்க முடியாது. அதனால் இந்தக் கருவியை வீண் என்று தள்ளுவோரோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனாலும் அது தரும் சித்திரம் ஓட்டைகள் நிறைந்தது. மார்ச்சிலும் செப்டம்பரிலும் பகலும் இரவும் சமமாகும் நாட்களில், பகலின் நீளம் உலகெங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அட்சரேகைக் கணக்கு அப்போது சிதறிப்போகிறது. ஏராளமான பறவைகள் வானில் இருக்கும் காலமும் அதுவே. மற்ற நாட்களிலும் பிழை நூறு, இருநூறு கிலோமீட்டர் போகும். காட்டு நிழலும் மேகமும் அதைக் கூட்டும். ஒரு பறவை எந்த நாட்டில் இருந்தது என்று இது சொல்லும், எந்தக் குளத்தங்கரையில் என்று சொல்லாது. காப்பாற்ற நினைப்பவருக்கு வேண்டியதோ குளத்தங்கரை.

இதைவிட ஆழமான குறை வேறு. இந்தக் கருவி எதையும் ஒலிபரப்புவதில்லை; தகவலை உள்ளேயே வைத்திருக்கும். பறவை உயிரோடு அதே இடத்துக்கு வந்து, மறுபடி வலையில் விழுந்தால்தான் கதை வெளியே வரும். வழியில் புயலில் விழுந்தது, கண்ணியில் மாட்டியது, வறண்டுபோன ஏரியில் பசித்துச் செத்தது எதுவும் வரைபடத்தில் ஏறாது. வலசைப் பறவைகள் குறைகின்றன என்ற கவலையோடு ஆய்வுக்குப் போகிறோம். எங்கே சாகின்றன என்ற கேள்விக்கு மட்டும் விடையில்லாமல் வருகிறோம். எவை பிடிபடுகின்றன என்பதிலும் சாய்வு உண்டு: தம் இனத்தின் குரலைப் பதிவிலிருந்து ஒலிக்கக் கேட்டு, எல்லை காக்கப் பாய்ந்து வந்து வலையில் விழுபவை பெரும்பாலும் வளர்ந்த ஆண் பறவைகள். பெண் பறவைகள் குறைவாகவே சிக்குகின்றன. முதல் ஆண்டுக் குஞ்சுகள் பிறந்த இடத்துக்கே திரும்புவதும் அரிது. பிழைத்த ஆண்களின் பாதையை ஓர் இனத்தின் பாதை என்று எழுதும்போது கூடுதல் எச்சரிக்கை வேண்டும்.

சுமையின் கேள்வியும் இருக்கிறது. உடல் எடையில் 3 முதல் 5 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது துறையின் வழக்கம். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் சராசரிப் பாதிப்பு சிறியதே என்று தெரிகிறது. ஆனால் சராசரி எல்லா இனத்துக்கும் பொருந்தாது: செருலியன் என்ற கதிர்க்குருவியில், கருவி சுமந்தவை திரும்பிய விகிதம் சுமக்காதவற்றின் விகிதத்தில் ஏறத்தாழப் பாதிதான். அப்படிப்பட்ட இடத்தில் நாம் அளப்பது வலசையையா, நம் சுமையையா என்று கேட்டாக வேண்டும். வலை கட்டிப் பிடிப்பதில் ஆயிரத்துக்கு இரண்டு பறவைகள் சாவதாக வட அமெரிக்கக் கணக்கு ஒன்று உண்டு. அது சிறிய எண்தான். பயிற்சி இல்லாத கைகளில் அப்படியே நிற்காது.

செயற்கைக்கோள் கருவிகள் நாகாலாந்தின் அமுர் வல்லூறு போன்ற 150 கிராம் பறவைக்குப் பொருந்தும். 2013-ல் அவற்றுக்கு மாட்டிய ஐந்து கிராம் கருவியை ஒரு தகைவிலான் தூக்க முடியாது. கருவியே இல்லாத வழி ஆர்வலர்களின் பதிவு. 2007-ல் தொடங்கிய மைக்ரன்ட்வாட்ச் திட்டம், பின்னர் இபேர்ட் இணையதளம், 30,000-க்கும் மேற்பட்டோர் தந்த பதிவுகளால் உருவான 2023-ஆம் ஆண்டின் இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை என்று அது வளர்ந்திருக்கிறது. எந்தப் பறவைக்கும் தீங்கில்லை. எந்த வாரம் எங்கே வந்தன, எத்தனை குறைந்தன என்று தெளிவாகக் காட்டுகிறது. இந்த வீட்டுத் தோட்டத்தில் இறங்கிய பறவை எந்த மலையடிவாரத்தில் பொரிந்தது என்பதை மட்டும் அதனால் சொல்ல இயலாது.

நமக்கு எது பொருந்தும்? ஆறுமணிக்குருவியை எடுத்துக்கொள்கிறேன். இமயத்தின் அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் பொரித்து, குளிர்காலத்தில் தமிழகத்துக்கும் இலங்கைக்கும் வரும் பறவை. புதரடியின் நிழலில் சருகு கிளறி வாழும் அதற்கு, ஒளியை நம்பிய கருவி ஏற்றதல்ல. எனக்கு நம்பிக்கை தருவது கனடாவில் வளர்ந்த மோட்டஸ் முறை. கால் கிராமளவு எடையுள்ள ரேடியோ வில்லைகள் சமிக்ஞை அனுப்ப, சில கிலோமீட்டர் தொலைவில் பறவை கடக்கும்போது கோபுரங்கள் கேட்டுப் பதிந்துகொள்கின்றன. பறவையை மறுபடி பிடிக்க வேண்டியதில்லை. ஒரு கோபுரத்தில் கேட்ட குரல் அடுத்ததில் கேட்கவில்லை என்றால், தொலைந்த இடத்தைத் தேட ஒரு தொடக்கமாவது கிடைக்கிறது. கோபுரம் இல்லாத ஊரில் இதுவும் செவிடுதான். ஆகவே கருவி வாங்கும் பணத்துக்கு முன்பாகக் கோபுரங்களுக்குப் பணம் ஒதுக்க வேண்டும்: கோடியக்கரையிலிருந்து தனுஷ்கோடி வரை, எதிர்க்கரையில் யாழ்ப்பாணம், மன்னார் வரை, இரு நாட்டு ஆய்வாளர்களும் ஒரே பதிவேட்டில் எழுதும்படியாக. எந்த முறையைக் கையாண்டாலும், அனுப்பிய பறவைகள் எத்தனை, திரும்பாதவை எத்தனை என்பதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். அதற்கான நிபந்தனையை அனுமதி தரும் வனத்துறையே எழுதிவைக்கலாம்.