மவத்தத்தும் ரஹ்மத்தும்: ‘அங்காடித் தெரு’வை முன்வைத்து

வறுமையிலும் வாடாத காதல் என்பது தமிழ்த் திரைக்குப் புதிய கருப்பொருள் அன்று. அவற்றுள் பெரும்பாலானவற்றில் வறுமை காதலர்க்கு வைக்கப்படும் ஒரு தேர்வு. தேறியவர்க்குப் பரிசு உண்டு. வசந்தபாலன் இயக்கத்தில், ஜெயமோகனின் உரையாடலோடு 2010இல் வெளிவந்த ‘அங்காடித் தெரு’ இவ்வழக்கிலிருந்து விலகி நிற்கிறது.

தந்தையை விபத்தில் இழந்த லிங்கு, தெற்கத்திச் சிற்றூரிலிருந்து தியாகராய நகர் ரங்கநாதன் தெருவின் துணிக்கடைக்கு வேலைக்கு வருகிறான். பகல் முழுதும் நின்றே விற்பனை. இரவில் நெருக்கியடித்த கூடத்தில் வெறுந்தரையில் உறக்கம். அங்கே அவன் கனியைச் சந்திக்கிறான். அந்தக் கடையில் காதல் என்பது தண்டனைக்குரிய குற்றம். மேற்பார்வையாளரின் முன் அஞ்சி நடுங்கிய ஓர் ஊழியன் தன் காதலையே மறுத்துரைக்க, அவனை நம்பியிருந்த பெண் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். ஆகவே படத்தின் வினா ஏழைகள் காதலிக்கலாமா என்பதன்று. சரக்கோடு சரக்காக எண்ணப்படுவோர் ஒருவரையொருவர் மனிதராகக் காண முடியுமா என்பதே.

இல்லற உறவைக் குறிக்கத் திருக்குர்ஆன் ‘அர்ரூம்’ அத்தியாயத்தில் இரு சொற்களை இணைத்து ஆள்கிறது: மவத்தத், ரஹ்மத். முன்னதை அன்பின் ஈர்ப்பென்றும் பின்னதைக் கருணையென்றும் கொள்ளலாம். படத்தின் முற்பகுதி மவத்தத்தின் கதை. கடையினின்று வெளியேற்றப்பட்ட இருவரும் ஓரிரவு நடைபாதையில் உறங்குகையில், வண்டி மோதிக் கனி கால்களை இழக்கிறாள். அவளையே லிங்கு மணக்கும்போது ரஹ்மத்தின் கதை தொடங்குகிறது.

இவ்விடத்தில் நமக்கு ஒரு மாறுபாடு உண்டு. அவ்வசனம் கூறும் கருணை ஒருவர் மற்றவர்க்கு இடும் பிச்சை அன்று, இருவர்க்கிடையே வைக்கப்பட்டது. படமோ லிங்குவின் முடிவை நமக்குக் காட்டும் அளவுக்குக் கனியின் உள்ளத்தைக் காட்டவில்லை. காதலின் மெய்ம்மையை நிறுவும் விலையையும் ஒரு பெண்ணின் உடலே கொடுக்க நேர்கிறது. மேலும், விபத்து என்றதும் பழி விதியின்மேல் விழுந்துவிடுகிறது. அவர்களைத் தெருவுக்குத் துரத்திய கை பார்வையாளனின் நினைவிலிருந்து மெல்ல நழுவுகிறது.

ஆயினும் இக்குறை படத்தின் அறத்தை அழித்துவிடவில்லை. ஆடம்பர வாழ்வு எதுவும் பரிசாக வரவில்லை. தெருவோர வணிகமே அவர்களின் பிழைப்பாகிறது. பிறர் தயவில் அல்லாது உழைப்பில் நிற்கும் இல்லறம் அது. கருணை இருவர்க்குமிடையே பொதுவாவதற்கான வாயில் அங்கேதான் திறக்கிறது.

உழைத்தவனின் கூலியைத் தாமதமின்றித் தந்துவிடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததை நாம் அடிக்கடி எடுத்துச் சொல்கிறோம். கூலியோடு கடமை முடிந்துவிடுவதில்லை. கடை ஊழியர்க்கு இருக்கை அளிக்க வேண்டும் எனத் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது 2021இல்தான். கேரளம் அதனை 2018இல் செய்தது. அமர ஓர் இருக்கைக்கே சட்டம் தேவைப்பட்ட சமூகத்தில், அன்பு நிலைக்கவேண்டிய சுமை முழுவதையும் காதலர் தோளிலேயே ஏற்றுவது நீதியாகாது. பெருநாள் துணி வாங்க அத்தெருவுக்குச் செல்லும் நாமும் அந்தக் கணக்கில் ஒரு தரப்பே.