தொடுதிரை மடிக்கணினி: விரலுக்கு எது, பேனாவுக்கு எது

மேசைமேல் இருப்பது 14 அங்குலத் திரையும் பின்பக்கமாக 360 டிகிரி மடங்கும் கீலும் கொண்ட விண்டோஸ் 11 லேப்டாப். 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, பெட்டிக்குள்ளேயே ஒரு பேனா. தயாரித்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. லெனோவோ, எச்பி, டெல், ஏசஸ், ஏசர் எல்லோரிடமும் இந்த வகை உண்டு. வெளிக்கூடும் விலையும் வேறுபடும், உள்ளே ஓடும் விண்டோஸ் ஒன்றுதான். நான் தெரிந்துகொள்ள விரும்பியதும் ஒன்றுதான். நாள் முழுக்கத் தமிழில் தட்டச்சு செய்து, புத்தகங்களுக்கு மெய்ப்பு பார்க்கும் ஒருவர் தொடுதிரைக்கென்று கூடுதல் பணம் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஆனால் கடையில் எதைக் காட்டி விற்கிறார்களோ அதற்காகக் கொடுக்க வேண்டாம். கடையில் லேப்டாப்பைத் திறந்து நிறுத்தி, படங்களை விரலால் தள்ளிக் காட்டுவார்கள். தொடுதிரை மிகக் குறைவாகப் பயன்படுவது அந்த நிலையில்தான். நிமிர்ந்து நிற்கும் திரையை நோக்கிக் கையை மீண்டும் மீண்டும் தூக்கினால் தோள் இறுகிவிடும். இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. 1983இல் வந்த எச்பி-150 கணினியின் திரை ஓரங்களில் அகச்சிவப்புக் கதிர்கள் ஓடின. விரல் அவற்றை மறித்தால் தொட்ட இடம் தெரியும். அந்தக் காலத்திலிருந்தே கை வலி இதன் கூடவே வருகிறது. 2010 அக்டோபரில் ஸ்டீவ் ஜாப்ஸ், நிமிர்ந்த திரையைத் தொட்டு வேலை செய்வது கைக்கு ஒத்துவராது என்று மேடையிலேயே சொன்னார். இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த விண்டோஸ் 8 இதற்கு நேர்மாறான பாதையில் போய், தொடுதலையே மையமாக்கி, ஸ்டார்ட் பொத்தானையும் எடுத்துவிட்டது. பயனர்கள் கொதித்தார்கள். 2013இல் 8.1 வந்தபோது பொத்தான் திரும்பி வந்தது.

விண்டோஸ் 11 இதில் நிதானமாக நடந்துகொள்கிறது. மவுஸும் டச்பேடும் அவற்றின் வேலையைச் செய்யட்டும், விரல் துணைக்கு வரட்டும் என்று விட்டிருக்கிறது. அந்தத் துணை உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. நீளமான பக்கத்தை உருட்டுவது, இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்குவது, ‘சரி’, ‘ரத்து’ என்று கேட்கும் பெட்டியில் ஒரு தட்டு தட்டுவது, இவற்றில் விரல் மவுஸை முந்துகிறது. மூன்று விரலால் கீழே இழுத்தால் எல்லா ஜன்னல்களும் ஒதுங்கி டெஸ்க்டாப் தெரியும். வலது ஓரத்திலிருந்து உள்ளே இழுத்தால் அறிவிப்புகள் வரும். எக்செல்லில் ஒரு சிறு கட்டத்தைப் பிடிப்பதற்கோ வாக்கியத்தின் நடுவில் கர்சரை வைப்பதற்கோ விரலை நம்ப வேண்டாம். விரல் நுனி பெரிது, எழுத்து சிறிது.

இனி முதல் நாள் வேலைகள். பெட்டியைப் பிரித்ததும் மின்சாரத்தில் இணைத்துவிட்டு ஆரம்பியுங்கள். விண்டோஸ் 11 ஹோம் பதிப்பு இணைய இணைப்பையும் மைக்ரோசாஃப்ட் கணக்கையும் கேட்கும். உங்களுக்கென்று உள்ள மின்னஞ்சலையே கொடுங்கள். கடைக்காரர் ‘நானே போட்டுத் தருகிறேன்’ என்று தன் கணக்கில் திறந்து கொடுப்பதை ஏற்காதீர்கள். காரணம் இருக்கிறது. இப்போது வரும் பல லேப்டாப்களில் வன்தட்டு தானாகவே மறையாக்கம் செய்யப்படுகிறது. ஏதாவது கோளாறாகி இயந்திரம் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டால், அது சேமிக்கப்பட்டிருப்பது நீங்கள் உள்நுழைந்த அந்தக் கணக்கில்தான். கணக்கு வேறொருவருடையது என்றால் உங்கள் கோப்புகளின் பூட்டுச் சாவியும் அவரிடம் போய்விட்டது என்று அர்த்தம். கணக்கின் பக்கத்துக்குப் போய் அந்தச் சாவியைப் பார்த்து, ஒரு தாளில் எழுதி வீட்டில் வைத்துவிடுங்கள்.

அடுத்து ஒன்டிரைவ். டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றையும் அது தன்னிடம் நகலெடுத்து வைக்கத் தயாராக இருக்கும். இலவச இடம் 5 ஜிபி மட்டுமே. புகைப்படங்களை ஏற்றிய அன்றைக்கே நிரம்பிவிடும், அதன் பிறகு ‘இடம் போதவில்லை’ என்ற அறிவிப்பு விடாமல் வரும். எந்த ஃபோல்டர் போக வேண்டும் என்பதை அமைப்புகளில் நீங்களே தேர்ந்தெடுத்துவிடுங்கள். 512 ஜிபி என்று வாங்கியது 476 ஜிபி என்று காட்டுகிறதே என்று பதற வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்கில் எண்ணுகிறார், விண்டோஸ் 1024இன் மடங்கில் எண்ணுகிறது. சோதனைக் காலத்துக்கு மட்டும் ஓடும் ஆன்டிவைரஸ் ஒன்று உள்ளே இருந்தால் நீக்கிவிடலாம். விண்டோஸுடன் வரும் டிஃபெண்டரே சாதாரணப் பயனருக்குப் போதும். பிறகு விண்டோஸ் அப்டேட்டை ஓடவிட்டு, அதில் ‘ஆப்ஷனல் அப்டேட்ஸ்’ என்ற பகுதியையும் திறந்து பாருங்கள். தொடுதிரைக்கும் பேனாவுக்குமான டிரைவர்கள் சில நேரம் அங்கேதான் ஒதுங்கிக் கிடக்கும். தொடுதிரை சரியாக இயங்கவில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன் இதைச் செய்துவிட வேண்டும்.

தமிழுக்கு வருவோம். செட்டிங்ஸில் ‘டைம் அண்ட் லாங்குவேஜ்’ பகுதிக்குப் போய் தமிழைச் சேருங்கள். சேர்த்ததோடு நின்றுவிடாமல், தமிழுக்கு எதிரே உள்ள மூன்று புள்ளிகளைத் தட்டி, ‘ஆட் எ கீபோர்ட்’ பட்டியலைத் திறந்து பாருங்கள். தமிழ்99 அங்கேயே இருக்கிறது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டித் தரப்படுத்தப்பட்ட தளக்கோலம் அது. உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்கள் வலப்பக்கம். அஞ்சல் முறையில் பழகியவர்களுக்கு அதுவும் அந்தப் பட்டியலிலேயே உண்டு. தனி மென்பொருள் எதையும் தேடி இறக்க வேண்டியதில்லை. விண்டோஸ் சாவியுடன் ஸ்பேஸ் பாரை அழுத்தினால் மொழி மாறும். பழைய வேர்டு கோப்புகளைத் திறக்கும்போது எழுத்துரு மாறித் தெரிந்தால், லதா, விஜயா ஆகிய எழுத்துருக்கள் நிறுவப்படவில்லை என்று பொருள். ‘ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்’ பகுதியில் தமிழ் கூடுதல் எழுத்துருக்கள் என்ற தொகுப்பை நிறுவினால் இரண்டும் வந்துவிடும்.

விசைப்பலகையைப் பின்னால் மடித்தால் அதன் சாவிகள் செயலிழந்து, தேவைப்படும் இடத்தில் திரையிலேயே ஒரு கீபோர்ட் எழும். கோப்புக்குப் பெயர் வைக்க, ஒரு சொல்லைத் தேட அது போதும். ஒரு பத்தியை அதில் அடிக்க உட்காராதீர்கள். பாதித் திரையை அது மறைத்துக்கொள்ளும், விரலுக்குச் சாவியின் மேடுபள்ளமும் கிடைக்காது. கையை ஓய்வாக விட்டு நாலு வரி சொல்ல வேண்டுமென்றால், குரோமில் கூகுள் டாக்ஸைத் திறந்து குரல் தட்டச்சில் தமிழைத் தேர்ந்தெடுத்துப் பேசிவிடலாம்.

இவ்வளவும் பொதுவான வசதிகள். இந்த இயந்திரம் தன் விலையை நியாயப்படுத்துவது பேனாவைக் கையில் எடுத்த பிறகுதான்.

திரையை முழுதாக மடித்து, நிமிர்த்தாமல் மேசைமேல் நெடுவாக்கில் கிடத்துங்கள். 16:10 விகிதமுள்ள 14 அங்குலத் திரை அப்படி வைக்கும்போது சுமார் 7.4 அங்குல அகலமும் 11.9 அங்குல உயரமும் கொண்ட ஒரு தாளாகிறது. தமிழ்ப் புத்தகங்கள் பெரும்பாலும் வரும் டெமி அளவு 5.5க்கு 8.5 அங்குலம். ஆக, ஒரு முழுப் பக்கம் அச்சில் வரப்போகும் அளவைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெரிதாக, மிச்சம் மீதியில்லாமல் திரையில் உட்காருகிறது. மெய்ப்பு பார்ப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான அளவு அமையாது. படுத்த வாக்கிலுள்ள சாதாரண லேப்டாப் திரையில் அதே பக்கத்தைப் பாதி பாதியாக உருட்டிப் படித்தால், பத்தி எங்கே உடைகிறது, கடைசி வரியில் ஒற்றைச் சொல் தொங்குகிறதா என்பதெல்லாம் கண்ணில் படாது. கையை வைத்ததும் பக்கம் திரும்பிக்கொள்ளாமல் இருக்க, ‘குவிக் செட்டிங்ஸ்’ பகுதியைத் திறந்து, அங்கே திரைச் சுழற்சியைப் பூட்டிவிடுங்கள்.

பிடிஎஃபை எட்ஜ் உலாவியிலேயே திறந்து ‘டிரா’ பொத்தானைத் தட்டினால் போதும். சிவப்பு மை, மெல்லிய கோடு. ‘அதை பார்த்தேன்’ என்று வந்திருக்கிறது. இரண்டு சொற்களுக்கும் நடுவே ஒரு கூரைக்குறி, ஓரத்தில் ‘ப்’. முடிந்தது. இதையே மவுஸால் செய்தால், இடத்தைத் தேர்ந்தெடுத்து, கருத்துப் பெட்டியைத் திறந்து, தட்டச்சு செய்து, மூடி, அடுத்த வரியைத் தேட வேண்டும். ஒரு பக்கத்தில் இருபது ஒற்றுப் பிழை இருந்தால் அந்த வித்தியாசம் உடம்பில் தெரியும். தமிழில் புள்ளி விழுந்திருக்கிறதா இல்லையா என்பதே சொல்லின் பொருளை மாற்றிவிடும். சந்தேகம் வந்த இடத்தில் இடக்கையின் இரண்டு விரலால் விரித்துப் பார்த்துவிட்டு, வலக்கையின் பேனாவைக் கீழே வைக்காமலே குறி போடலாம். விரலும் பேனாவும் ஒரே திரையில் ஒன்றையொன்று தடுக்காமல் வேலை செய்யும் இந்த இடத்துக்காகவே இந்த வகை லேப்டாப்பை வாங்கலாம் என்பேன்.

வேர்டிலும் ஒன்நோட்டிலும் ‘டிரா வித் டச்’ என்ற பொத்தான் இருக்கும். அதை அணைத்து வையுங்கள். அப்போதுதான் விரல் பக்கத்தை உருட்டும், பேனா மட்டும் எழுதும். பேனா நுனி திரையை நெருங்கியதும் உள்ளங்கையின் அழுத்தத்தைக் கணினி கண்டுகொள்ளாமல் விடுவதால், காகிதத்தில் ஊன்றுவதுபோலவே கையை ஊன்றி எழுதலாம்.

பேனாவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பெட்டியில் பேனா இல்லாத மாடல் என்றால், தனியாக வாங்கும் முன் உங்கள் லேப்டாப் எந்த முறையை ஏற்கிறது என்று பாருங்கள். விண்டோஸ் லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் பென் புரோட்டோகால், வேகாம் ஏஇஎஸ் இரண்டும் புழங்குகின்றன. குரோம்புக்குக்கு யுஎஸ்ஐ. ஆப்பிள் பென்சில் இவற்றில் எழுதாது. சென்னை ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கும் ரப்பர் முனைக் குச்சிகள் எல்லாத் திரையிலும் ஓடும். ஆனால் அவை விரலுக்கு மாற்று மட்டுமே, உள்ளங்கையை ஊன்றினால் அதுவும் கோடாக விழும். பேட்டரி போடும் பேனாக்கள் பலவற்றுக்கு ரிமோட்டில் போடும் ஏஏஏ பொருந்தாது, அதைவிடச் சிறிய ஏஏஏஏ வேண்டும். பெட்டிக்கடையில் கிடைக்காத பொருள், ஒன்றிரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். திரையின் மேல் பளபளப்பான கண்ணாடி. ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்தால் உங்கள் முகமும் பின்னால் உள்ள டியூப்லைட்டும் எழுத்துக்கு மேலே தெரியும். வெள்ளைப் பக்கத்தில் பரவாயில்லை, கறுப்புப் பின்னணியில் எரிச்சல். விரல் ரேகை படியும், அணைத்த திரையை மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தால் போதும், அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவத்தைத் தெளிக்காதீர்கள். மே மாதத்துச் சென்னையில் வியர்த்த விரலோடு தொட்டால் தொடு இடம் தப்புகிறது. விரலின் மின்னேற்பை வைத்து இடத்தை அறியும் திரை இது, நீர்த்துளியும் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் குழம்பிவிடுகிறது. பக்கத்தில் ஒரு துண்டு இருந்தால் போதும்.

எடையைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். இந்த அளவு மடங்கும் லேப்டாப்கள் ஒன்றரை கிலோவை ஒட்டி இருக்கும். 11 அங்குல ஐபேட் அரைக் கிலோவுக்கும் குறைவு. சோபாவில் சாய்ந்து ஒரு கையில் பிடித்துப் படிக்க இது ஏற்றதல்ல, மேசையோ மடியோ வேண்டும். சாதாரண நிலையில் திறந்து வைத்துத் திரையைத் தட்டினால் லேசாக ஆடும். கூடாரம்போல் கவிழ்த்து நிறுத்தினால் ஆடாது. ரயிலிலோ சமையலறை மேடையிலோ வீடியோ பார்க்க அந்த நிலைதான் வசதி.

பெரிய அச்சம் பழுதுச் செலவுதான். தொடுதிரையில் கண்ணாடியும் காட்சிப் பலகையும் பெரும்பாலும் ஒட்டியே வரும். கண்ணாடி மட்டும் விரிசல் விட்டாலும் முழுத் தொகுப்பையும் மாற்றச் சொல்வார்கள். சாதாரண உத்தரவாதத்தில் கீழே விழுந்து உடைவது சேராது. விபத்துப் பாதுகாப்புத் திட்டம் உண்டா, எத்தனை நாளுக்குள் சேர வேண்டும் என்பதை பில் போடும்போதே கேட்டு, பில்லில் வரிசை எண் சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் முழு வெள்ளை, முழுக் கறுப்புப் படங்களைத் திறந்து செத்த புள்ளி ஏதும் உள்ளதா என்று தேடுங்கள். ஒரு சிறு ஐகானை விரலால் பிடித்து நான்கு மூலைகளுக்கும் இழுத்துப் பாருங்கள், எங்கேயாவது கைவிட்டுப் போனால் அந்த இடத்தில் தொடு உணர்வு இல்லை. மாற்றித்தரும் காலம் முடியும் முன்பே இவையெல்லாம் நடந்தாக வேண்டும்.

மெய்ப்பு திருத்துபவர், வகுப்பில் திரையில் எழுதிக்காட்டிப் பாடம் நடத்தும் ஆசிரியர், கணக்கும் வேதியியல் சமன்பாடும் குறிப்பெடுக்கும் மாணவர், படம் வரைபவர் ஆகியோர் பேனாவோடு வரும், பின்னால் முழுதாக மடங்கும் மாடலையே வாங்க வேண்டும். தொடுதிரை இருந்தும் மடங்காத மாடல் வேண்டாம், அதில் கை வலிக்கும் நிலை மட்டுமே கிடைக்கும். கட்டுரை அடிப்பதும் மின்னஞ்சல் பார்ப்பதும் கணக்கு எழுதுவதும்தான் வேலை என்றால் தொடுதிரையை விட்டுவிட்டு, அந்தப் பணத்தில் ரேமைக் கூட்டிக்கொள்ளுங்கள்.