ஹார்மோன் மேல் பழி

"மாசமா இருக்கும்போது ஈறுல ரத்தம் வந்தா அது ஹார்மோன், குழந்தை பிறந்ததும் தானா சரியாகிடும்." பெண்களின் ஈறு பற்றிய கட்டுரை எதைத் திறந்தாலும் இந்த வாக்கியம் ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கிறது. பாதி உண்மைதான். மீதிப் பாதியை விட்டுவிடுவதுதான் என் குறை.

இதற்கெல்லாம் வேர், லோ, சில்னஸ் என்ற இருவர் 1963-ல் வெளியிட்ட ஆய்வு. கர்ப்பத்தின் இரண்டாம் மாதத்திலிருந்து ஈறு அழற்சி கூடி, எட்டாம் மாதத்தில் உச்சத்துக்குப் போய், கடைசி மாதத்தில் இறங்குவதை அவர்கள் பார்த்தார்கள். 1964-ல் வந்த அதன் தொடர்ச்சிதான் முக்கியம். பல்லில் படியும் அழுக்குப்படலத்தின் அளவை வைத்து மட்டும் இந்த வீக்கத்தை விளக்க முடியவில்லை. அதே அழுக்குக்கு ஈறு கூடுதலாகச் சீறுகிறது, அவ்வளவுதான். புரோஜெஸ்டிரோன் ஈறின் நுண்ணிய ரத்தக்குழாய்களை விரித்துக் கசிய வைக்கிறது. ஆக, ஹார்மோன் ஒரு ஒலிபெருக்கி மாதிரி. சத்தம் போடுவது என்னவோ அழுக்குதான். அதை எடுத்துவிட்டால் பெருக்குவதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது. "தானா சரியாகிடும்" என்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

இதற்கு நேர் எதிராகப் பயமுறுத்தும் கூட்டமும் உண்டு. 1996-ல் ஆஃபன்பேக்கர் குழு 124 பெண்களை வைத்து, ஈறு நோய் முற்றிய தாய்மாருக்கு எடை குறைந்த குழந்தை குறைப்பிரசவமாகப் பிறக்கும் வாய்ப்பு ஏழு மடங்குக்கு மேல் என்றது. உடனே "குழந்தைக்காகப் பல்லைக் கவனி" என்று எழுத ஆரம்பித்தார்கள். 2006-ல் மிக்கலோவிச் குழு அமெரிக்காவில் 823 கர்ப்பிணிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கர்ப்பகாலத்திலேயே ஈறு சிகிச்சை கொடுத்தது; மறுபாதிக்குப் பிரசவத்துக்குப் பிறகு. குறைப்பிரசவம் 12.0 சதவீதம், 12.8 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லை.

"பார்த்தீங்களா, பிரயோஜனம் இல்லை" என்று பலர் அங்கேயே மூடிவிட்டார்கள். ஆனால் அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது: சிகிச்சை பெற்றவர்களின் ஈறு தேறியது, சிகிச்சையால் கர்ப்பத்துக்குத் தீங்கும் தெரியவில்லை. அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த நேரடிப் பலன் இதுதானே? அதை ஏன் தோல்விக் கணக்கில் எழுதினோம்?

இரண்டு தரப்பும் ஒரே தப்பைச் செய்வதாகத்தான் எனக்குப் படுகிறது. ஒருவர் பிரசவம் வரை பொறு என்கிறார், இன்னொருவர் குழந்தைக்காகப் பார் என்கிறார். அவளுக்கு வலிக்கிறது, அவள் ஈறு வீங்கியிருக்கிறது என்பது மட்டும் யாருக்கும் போதுமான காரணமாக இல்லை. ரத்தம் வருகிறதென்று பயந்து பல் தேய்ப்பதைக் குறைத்தால் அழுக்கு சேர்ந்து நிலைமை இன்னும் மோசமாகும். மென்மையான பிரஷ்ஷால் தினமும் இரண்டு வேளை தேய்ப்பதும், பல் மருத்துவரிடம் போய்ச் சுத்தம் செய்துகொள்வதும் கர்ப்பகாலத்திலும் செய்யக்கூடியவையே. குழந்தை பிறந்த பிறகும் ரத்தம் நிற்கவில்லை, பல் ஆடுகிறது என்றால் இனியும் ஹார்மோன் மேல் பழி போட வேண்டாம்.