நாபோத்தின் தோட்டமும் நெய்வேலியின் நிலமும்

1891 மே 15 அன்று திருத்தந்தை பதிமூன்றாம் சிங்கராயர் வெளியிட்ட 'ரேரும் நொவாரும்' சுற்றுமடலை மே தின மறையுரைகளில் தவறாமல் போற்றுகிறோம். 2025-இல் பொறுப்பேற்ற திருத்தந்தை பதினான்காம் லியோவும் தம் பெயர்த் தேர்வுக்கு அம்மடலையே முதன்மைக் காரணமாகக் குறிப்பிட்டார். ஆனால் அதை நாம் முழுமையாக வாசித்திருக்கிறோமா? நெய்வேலியில் பங்குப்பணி ஆற்றும் எனக்கு இவ்வையம் அடிக்கடி எழுகின்றது.

அம்மடல் தனியுடைமை உரிமையை வலியுறுத்துவதால், அது செல்வரின் அரண் என்று குறை கூறுவோர் உண்டு. அவ்வாறே கொண்டு மகிழும் செல்வரும் உண்டு. இரு சாராரும் ஒன்றை மறந்தனர். மடல் முதலில் காட்டும் உடைமையாளர் ஆலை முதலாளி அல்லர். கூலியைச் சேமித்துத் துண்டு நிலம் வாங்கிய உழைப்பாளி. அந்நிலம் அவரது கூலியின் மறுவடிவம் என்பதே அதன் வாதம்.

2023 ஜூலையில் வளையமாதேவியில் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட, விளைந்துவந்த நெற்பயிரின்மீது மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. நிலம் முன்னரே கையகப்படுத்தப்பட்டு இழப்பீடும் தரப்பட்டது என்றது நிறுவனம். பயிரிழப்புக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வழங்கச் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. சட்டத்தின் கணக்கு அது. அறத்தின் கணக்கு என்ன?

பொது நன்மைக்காக நிலத்தை எடுக்கலாம் என்பதைத் திருச்சபை மறுக்கவில்லை. 1967-இல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் அதை வெளிப்படையாகவே கூறினார். ஆயினும் அவர் சுட்டியவை மிகப் பரந்தவை, தரிசாய்க் கிடப்பவை, மக்களுக்குத் துன்பம் விளைப்பவை போன்ற பண்ணை நிலங்கள். சிறு உழவரின் விளைநிலத்திற்கு அவ்வாசகத்தை எளிதில் நீட்டிவிட முடியாது.

சிங்கராயரின் மடலிலும் ஒரு குறை உண்டு. எளியோரின் காவலனாக அரசை அழைத்த அம்மடல், காவலனே முதலாளியுமாகும் நிலையை விரிவாக ஆராயவில்லை. இவ்விடைவெளியை 1981-இல் இரண்டாம் அருள் சின்னப்பர் ஓரளவு நிரப்பினார். நேரடியாகக் கூலி கொடுப்பவர் மட்டுமல்ல, வேலையின் நிபந்தனைகளை உருவாக்கும் அனைவரும் மறைமுக முதலாளிகளே என்றார். 2023-இல் பணி நிரந்தரம் கோரி இங்குப் போராடிய ஒப்பந்தத் தொழிலாளரை 'ஒப்பந்தக்காரரின் ஆட்கள்' என்று ஒதுக்கிவிட இவ்வாசகம் இடம் தராது. கையொப்பம் இருந்தாலே நீதி நிறைவேறிவிடாது என்று 1891 மடலும் முன்பே எச்சரித்திருந்தது.

நாபோத்தின் கதையை நினைவுகூர்வோம். ஆகாபு முதலில் கேட்டது நியாயமாகவே தோன்றும்: அதைவிட நல்ல தோட்டம், அல்லது விலை. மூதாதையரின் உரிமைச் சொத்து என்று நாபோத்து மறுத்தார். அரண்மனையால் அம்மறுப்பைத் தாங்க இயலவில்லை. பாவம் அங்கே முளைத்தது.

1956-இல் தொடங்கிய நிறுவனம் எத்தனையோ குடும்பங்களை உயர்த்தியது; எம் கோயில் விளக்கும் மின்சாரத்தில்தான் எரிகிறது. நிரந்தரப் பணியாளர், ஒப்பந்தத் தொழிலாளி, நிலம் இழந்தவர் மூவரும் ஒரே பீடத்தின்முன் முழந்தாளிடும் ஊர் இது. எவர் மனமும் புண்படாத மறையுரை ஆற்றுவது எளிது. நானும் அதைப் பலமுறை ஆற்றியிருக்கிறேன். சுற்றுமடல்களை அலமாரியில் வைத்துப் போற்றியது போதும். நம்மிடையே உள்ள நாபோத்துக்கு மறுத்துப் பேசும் இடத்தையேனும் முதலில் தருவோம்.