பேர் கேட்காத விலை

ஜொகூரில் குளுவாங், லாபிஸ், கோத்தா திங்கி பக்கம் செம்பனையோ டுரியானோ வைத்திருப்பவர்களுக்குத் துப்பாக்கி என்றதும் கும்பல் சண்டை நினைவுக்கு வராது. காட்டுப்பன்றிதான் வரும். நட்டு ஆறு மாதமான கன்றுகளை ஒரே இரவில் கிண்டிப் போட்டுவிட்டுப் போய்விடும். மலாய்க்காரர்கள் ‘செனாப்பாங் பாத்தா’ என்று சொல்லும், நடுவில் மடித்துத் தோட்டா போடும் வேட்டைத் துப்பாக்கி இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. நான் வளர்ந்த தோட்டத்திலும் ஒன்று இருந்தது. அது யாருடையது, எந்த அலமாரியில் இருக்கிறது, சாவி யார் இடுப்பில் என்பது லயத்துப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

அப்படி முறையாக லைசென்ஸ் வாங்கி வைத்திருக்கும் ஒருவருக்கு வயதாகிறது, தோட்டத்தை மகனிடம் விடுகிறார், துப்பாக்கி தேவையில்லை. வாங்கிய விலையைவிடப் பல மடங்கு தருகிறேன் என்று ஒருவன் வந்து நிற்கிறான். விற்கலாமா? காரை விற்கிறோம், நிலத்தை விற்கிறோம், நகையை விற்கிறோம். இதை மட்டும் ஏன் கூடாது? கேள்வி அற்பமானதல்ல. இதற்குச் சட்டம் ஒரு பதிலும் அறம் ஒரு பதிலும் சொல்கின்றன. இரண்டும் ஒரே இடத்தில் போய் நிற்கவில்லை என்பதுதான் இதை எழுத வைத்தது.

சட்டத்தின் பதில் சுருக்கமானது. 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி மலேசியாவில் துப்பாக்கி வைத்திருப்பது உரிமையல்ல, மாநிலப் போலீஸ் தலைவர் தரும் அனுமதி. அந்த அனுமதி இன்னாருக்கு, இன்ன துப்பாக்கிக்கு என்று தரப்படுகிறது. வாங்குபவருக்கும் அதேபோல் அனுமதி இருந்தால்தான் கை மாறலாம். தொழிலாக வாங்கி விற்க வேண்டுமானால் அதற்குத் தனி லைசென்ஸ். அனுமதியில்லாமல் வைத்திருந்தால் அந்தச் சட்டத்தின் கீழேயே ஏழாண்டு வரை சிறை. 1971-இல் வந்த கூடுதல் தண்டனைச் சட்டம் அதைப் பதினான்கு ஆண்டாக்கிப் பிரம்படியையும் சேர்த்தது. விற்றவனுக்கு அதே சட்டத்தின் ஏழாவது பிரிவு. தமிழ்ப் பத்திரிகைகள் இதைத் ‘துப்பாக்கி கடத்தல்’ என்று எழுதுகின்றன. அந்தச் சொல் எல்லை தாண்டிக் கொண்டுபோவதைத்தான் கண்முன் நிறுத்துகிறது. மலாயில் ‘மெங்கெடார்’ என்கிறார்கள். அதன் பொருள் கைக்குக் கை பரப்புவது. சிங்கப்பூர்க் கடற்பாலம் வரை போகவே வேண்டாம், பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாலே போதும்.

இந்தத் தடை சரியா? சரியென்றே நினைக்கிறேன். ஆனால் வழக்கமாகச் சொல்லப்படும் காரணத்துக்காக அல்ல. ‘துப்பாக்கி ஆபத்தான பொருள், ஆகவே விற்கக்கூடாது’ என்ற வாதம் பாராங் கத்திக்கும் களைக்கொல்லிக்கும் பொருந்தும். தோட்டப்புறங்களில் களைக்கொல்லி வாங்கிய உயிர்கள் கொஞ்சமல்ல. ஆபத்து என்பதால் மட்டும் ஒரு பொருளின் விற்பனையை மூடிவிட முடியாது.

லாபம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால்தான் வேறுபாடு புரிகிறது. பழைய காரை ஒருவர் கூடுதல் விலைக்கு விற்றால் அந்தக் கூடுதல், காரின் நிலைக்கோ அரிதான மாடலுக்கோ கிடைப்பது. பழைய வேட்டைத் துப்பாக்கியின் இரும்பும் மரமும் வருடத்துக்கு வருடம் விலை ஏறுவதில்லை. போலீஸ் தலைவரிடம் மனுப் போடக்கூடியவன் அதற்கு நியாயமான விலைக்கு மேல் ஒரு வெள்ளிகூடத் தரத் தேவையில்லை. பல மடங்கு தருபவன் மனுப் போட முடியாதவன், அல்லது போட விரும்பாதவன். அவன் தருகிற கூடுதல் பணம் பேரைக் கேட்காமல் இருப்பதற்கான கூலி. மறுவிற்பனையில் லாபம் என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இதுதான். விற்பவர் பொருளோடு சேர்த்துத் தன் மௌனத்தையும் விற்கிறார். அந்த மௌனம் அவருடையது மட்டுமல்ல, பின்னால் அந்தக் குழலுக்கு எதிரே நிற்கப்போகிறவனுக்கும் அதில் பங்குண்டு. அவனிடம் யாரும் கேட்கவில்லை.

எதிர்வாதத்தின் வலுவான வடிவம் அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே 1986-இல் ஒரு சட்டம், பிழைப்பும் லாபமும் முதன்மை நோக்கமாக இருந்து விற்பவனையே வியாபாரி என்றது. வியாபாரியென்றால் லைசென்ஸ் வேண்டும், வாங்குபவரின் பின்னணியைச் சோதிக்க வேண்டும். தன் சேகரிப்பிலிருந்து எப்போதாவது விற்பவருக்குக் கூட்டாட்சிச் சட்டத்தில் அந்தக் கடமை இல்லை. 2022 ஜூனில் வந்த திருத்தம் ‘பிழைப்பு’ என்பதை எடுத்துவிட்டு லாபமே முதன்மை நோக்கமாக இருந்தால் போதும் என்றது. முப்பத்தாறு ஆண்டுகளாக அங்கே நடந்த வழக்காடலின் மையம் இந்த ஒரே கேள்விதான்: இவன் லாபத்துக்கு விற்றானா, பொழுதுபோக்குக்கு விற்றானா? அந்த நாட்டின் நேர்மையான வேட்டைக்காரர்களையும் சேகரிப்பாளர்களையும் குற்றவாளிகளாக்கக் கூடாது என்ற கவலை உண்மையானது, அதை நான் தள்ளவில்லை. ஆனால் சட்டம் தன் வாசலை லாபத்தில் கொண்டுபோய் வைத்ததுதான் பிழை. மச்சானுக்குச் சும்மா கொடுத்த துப்பாக்கியும் லாபத்துக்கு விற்ற துப்பாக்கியும் ஒரே மாதிரிதான் சுடும்.

இந்தியாவின் 1959-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் நுட்பமாக யோசித்திருக்கிறது. சொந்தப் பயன்பாட்டுக்கு வைத்திருக்கும் துப்பாக்கியை, வைத்திருக்கத் தகுதியுள்ள இன்னொருவருக்கு வியாபார லைசென்ஸ் இல்லாமலே விற்கலாம். ஆனால் மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து, 45 நாள் காத்திருக்க வேண்டும். பேரைச் சொல், பொறுத்திரு என்பதுதான் அதன் சாரம். அந்த நாட்டிலேயே 2007-இல் ராஜஸ்தானின் ஸ்ரீ கங்காநகர் விவகாரம் வெடித்தது. இராணுவ அதிகாரிகள் சொந்தப் பயன்பாட்டுக்கென்று படைக்கலக் கிடங்குகளில் சலுகையாக வாங்கிய ஆயுதங்கள் வெளியாட்களுக்கு லாபத்தில் கைமாறின என்ற புகார் உயர்நீதிமன்றத்துக்குப் போய், பிறகு உச்ச நீதிமன்றம் வரை ஏறியது. பயிற்சியும் பதவியும் பென்ஷனும் உள்ளவர்களையே இந்த லாபம் இழுத்திருக்கிறது என்றால், தனிமனிதரின் நல்ல மனத்தை நம்பி வாசலைத் திறந்து வைக்க முடியாது.

ஆகவே தடை இருக்கட்டும். தண்டனைக்கு வரும்போதுதான் எனக்குச் சட்டத்தோடு பிணக்கு.

நம் 1971 சட்டத்தின் ஏழாவது பிரிவில் ஓர் அனுமானம் இருக்கிறது. அனுமதியில்லாமல் இரண்டுக்கு மேற்பட்ட துப்பாக்கிகளை ஒருவர் வைத்திருந்தது நிரூபணமானால், மறுத்து நிரூபிக்கும்வரை அவர் அவற்றை விற்றுப் பரப்புகிறவர் என்றே நீதிமன்றம் கொள்ள வேண்டும். யாருக்கு விற்றார், எவ்வளவு வாங்கினார் என்று அரசுத் தரப்பு காட்ட வேண்டியதில்லை. எண்ணிக்கை பேசும். 1971-இல் இதற்குத் தண்டனை தூக்கு அல்லது ஆயுள். 2023 ஜூலையில் நடப்புக்கு வந்த சீர்திருத்தம் கட்டாய மரண தண்டனையை ஒழித்தது, உயிர்ப்பலி இல்லாத சில குற்றங்களிலிருந்து தூக்கையே அகற்றியது. பரப்பியவருக்கு இன்று முப்பதிலிருந்து நாற்பதாண்டுச் சிறையும் பிரம்படியும். நல்ல மாற்றம்தான், வரவேற்கிறேன். ஆனால் அனுமானம் அப்படியே நிற்கிறது.

அதற்கு ஆதரவாகச் சொல்ல இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். கள்ளத் துப்பாக்கி விற்கிறவன் ரசீது போடுவதில்லை, சாட்சி வைத்துக்கொண்டு விற்பதில்லை. மூன்று துப்பாக்கியை ஒருவன் சும்மா வைத்திருக்கிறான் என்று நம்புவது கடினம். 2024 மார்ச்சில் கோலாலம்பூர் ஹோட்டல் ஒன்றில் ஓர் இஸ்ரேலியர் ஆறு துப்பாக்கிகளோடு பிடிபட்டபோது நாடே அதிர்ந்தது, அதிர்ந்ததில் நியாயம் உண்டு. 2019-இல் கூட்டரசு நீதிமன்றம் அல்மா நூடோ அத்தென்சா வழக்கில் போதைப்பொருள் சட்டத்தின் 37ஏ பிரிவைச் செல்லாதென்று தள்ளியது. ஓர் அனுமானத்தின் மேல் இன்னோர் அனுமானத்தை அடுக்கக்கூடாது என்பது அதன் காரணம். துப்பாக்கிச் சட்டத்தில் அந்த இரட்டை அடுக்கு இல்லை, வைத்திருந்ததை முதலில் நிரூபித்தே ஆக வேண்டும். அந்த அளவுக்கு இது மேல்.

ஆனாலும் ஏற்க முடியவில்லை. நம் சமூகத்தில் சுமக்கிறவன் யார், சம்பாதிக்கிறவன் யார் என்று பார்த்தவர்களால் ஏற்க முடியாது. 2013-இல் துப்பாக்கிச் சூடுகள் பெருகி, ஓப்ஸ் சந்தாஸ் காஸ் என்ற போலீஸ் நடவடிக்கை தொடங்கிய ஆகஸ்டில், உள்துறை அமைச்சு 49 இரகசியக் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் இந்தியர் என்றது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிந்து, தாமானின் மலிவு அடுக்குமாடிகளில் வந்து ஒதுங்கிய குடும்பங்களின் பையன்கள் அவர்களில் எத்தனை பேர் என்று எவரும் எண்ணவில்லை. கும்பலில் பையைத் தன் அறையில் வைத்துக்கொள்ளச் சொல்லப்படுகிறவன் அந்தப் பையன்தான். விலை பேசுகிறவன் அந்த அறைக்கு வருவதே இல்லை. போதைப்பொருளில் இதையே பார்த்தோம். உட்லண்ட்ஸில் 42.72 கிராம் ஹெராயினோடு பிடிபட்ட நாகேந்திரன் தர்மலிங்கம் 2022 ஏப்ரலில் சிங்கப்பூரில் தூக்கிலேற்றப்பட்டார். அதைக் கட்டி அனுப்பியவன் அவரோடு கூண்டில் நிற்கவில்லை. துப்பாக்கிக்குச் சிங்கப்பூரின் 1973-ஆம் ஆண்டுச் சட்டமும் இதே ‘இரண்டுக்கு மேல்’ அனுமானத்தை வைத்தது. கடற்பாலத்தின் இரு முனையிலும் ஒரே கணக்கு.

என் தீர்ப்பு இப்படி: ஒரு கைமாற்றம் சட்டவிரோதமா என்பதை லாபம் முடிவு செய்யக்கூடாது, அந்த விஷயத்தில் மலேசியச் சட்டம் அமெரிக்கச் சட்டத்தைவிடத் தெளிவானது. ஆனால் எத்தனை ஆண்டு உள்ளே இருக்க வேண்டும் என்பதை லாபமே முடிவு செய்ய வேண்டும். முப்பதாண்டு என்பது ஒரு மனிதனின் வேலை செய்யும் வயது முழுவதும். அதைப் பறிப்பதற்குமுன் அவன் விற்றான், பணம் பார்த்தான் என்று அரசு காட்டட்டும். வங்கிக் கணக்கு இருக்கிறது, கைப்பேசி இருக்கிறது, வாங்கிப் பிடிபட்டவன் இருக்கிறான். காட்ட முடியாவிட்டால் வைத்திருந்த குற்றத்துக்குப் பதினான்கு ஆண்டுவரை இருக்கவே இருக்கிறது. அது சிறிய தண்டனை அல்ல.

இன்னொன்றும் வேண்டும், அதைச் சொல்ல ஒரு பழைய மரணத்துக்குப் போகவேண்டியிருக்கிறது. பட்டுக்கோட்டைப் பக்கம் தம்பிக்கோட்டையில் பிறந்த எஸ். ஏ. கணபதி, மலாயா தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவராக இருந்தவர், 1949 மார்ச்சில் ரவாங் அருகே ஒரு தோட்டத்தில் கைத்துப்பாக்கியோடு பிடிபட்டார். அவசரகாலச் சட்டத்தில் அதற்குத் தூக்கு. அதைப் போலீஸில் ஒப்படைக்கப் போய்க்கொண்டிருந்தேன் என்றார் அவர். நீதிமன்றம் நம்பவில்லை. நேரு அரசு தலையிட்டும் பயனில்லாமல், மே 4-ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அவர் சொன்னது உண்மையா என்ற சர்ச்சையை இங்கே நான் தீர்க்கப் போவதில்லை. அவர் சொன்னது உண்மையாக இருந்திருந்தாலும் அது அவரைக் காப்பாற்றவில்லை, அதுதான் என்னை உறுத்துகிறது. இன்று லாபிஸில் அப்பா இறந்த வீட்டில் அலமாரியைத் திறந்து, லைசென்ஸ் காலாவதியான துப்பாக்கியையும் அதோடு யாரோ எப்போதோ விட்டுப்போன இரண்டையும் பார்க்கிற மகன், கணக்குப்படி ஏற்கனவே ‘இரண்டுக்கு மேல்’ போய்விட்டான். இருட்டில் வந்து பணம் தருகிறவனுக்கு விற்பது அவனுக்குச் சுலபமாகத் தெரியும், போலீஸ் ஸ்டேஷனுக்கு எடுத்துப்போவது பயமாகத் தெரியும். தானாகக் கொண்டுவந்து ஒப்படைப்பவன் மேல் வழக்கு இல்லை என்று சட்டத்திலேயே எழுதி, தமிழிலும் சீனத்திலும் மலாயிலும் அச்சடித்து, ஜொகூரின் ஒவ்வொரு போலீஸ் ஸ்டேஷன் வாசலிலும் ஒட்ட வேண்டும்.